நிற்கும் வண்டியின் வேகம்

சாவி திருப்பியிருந்தது. எஞ்சின் ஓடவில்லை. நான்கு சக்கரங்களும் பட்டறைத் தரையில் அசையாமல் நின்றன. வேகம் காட்டும் முள் மட்டும் பதினெட்டைத் தொட்டுக்கொண்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா, நான் பொய் சொல்றேன்னு நினைச்சீங்களே!" என்றார் டீச்சர். காருக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் தோளுக்குப் பின்னாலிருந்து அவரும் எட்டிப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரர் கிண்டல் பண்றார். வண்டிக்கு வயசாயிடுச்சாம், உட்கார்ந்த இடத்துலயே கனவு காணுதாம்."

"எப்ப எப்ப இப்படிக் காட்டுது?"

"சாயங்காலம் மட்டுந்தாங்க. நாலு மணி அடிச்சாப் போதும். காலையில ஸ்கூலுக்குப் போறப்ப நல்ல பிள்ளையா இருக்கும்."

"கடிகாரம் பார்த்து ரிப்பேர் ஆகிற வண்டிய இப்பத்தான் பார்க்கிறேன் டீச்சர்" என்று சிரித்தார் மெக்கானிக். சிரித்தாலும் மனம் உடனே கணக்குப் போட்டது. மதியம் முழுக்க வெயிலில் நிற்கும் வண்டி. சூட்டில் ஸ்பீடு சென்சார் கிறுக்குப் பிடித்து ஆடும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவில் செருகியிருக்கும் சாமான் அது. சக்கரம் சுற்றச் சுற்ற மீட்டருக்குத் துடிப்பு அனுப்புவது அதன் வேலை. அது கெட்டால் மீட்டர் வாய்க்கு வந்ததை உளறும். ஒரு மணி நேர வேலை.

"லீவு நாள்ல தொந்தரவு பண்றேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. காலையில வந்து எடுத்துக்கங்க."

அவர் தொந்தரவுக்கு ஏங்குகிறவர் என்பது டீச்சருக்கு எப்படித் தெரியும்? வாரம் ஆறு நாள் பட்டறையில் காது கிழியும் சத்தம். ஏழாம் நாள் வேலையாட்கள் வராமல் போனால், பின்னாலிருக்கும் ஒற்றை அறையில் அவரும் ரேடியோவும்தான். அதில் யார் என்ன பேசினாலும் சரி, ஒரு மனிதக்குரல் கேட்டால் போதும் என்று வைத்துவிடுவார். கல்யாணம் கில்யாணம் என்று எதுவும் இல்லை. தம்பியை வளர்த்து ஆளாக்கியதிலேயே அந்த வயது போய்விட்டது. பிறகு தம்பியும் போய்விட்டான்.

டீச்சர் பஸ் பிடிக்கப் போனதும் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. காரின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, முட்டுக் கொடுத்தார். டேஷ்போர்டுக்குக் கீழே ஸ்கேனரின் சின்ன டப்பாவைச் செருகினார். கம்பியில்லாத ஸ்கேனர் அது. வண்டியின் மூளை சொல்வதெல்லாம் கையிலிருக்கும் டேப்லெட்டில் தெரியும். கறுப்புத் திரையில் பச்சை எண். ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. ஐம்பத்து நான்கு.

"ஏய், எங்கப்பா இவ்வளவு அவசரமாப் போற?" என்று காரிடம் கேட்டார். தனியாக இருந்து இருந்து அவருக்கு வண்டிகளோடு பேசும் பழக்கம் வந்திருந்தது.

முதலில் எர்த் கம்பியைப் பார்த்தார். துருவைச் சுரண்டி இறுக்கினார். ஐம்பத்தைந்து. வயர்க் கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆட்டிப் பார்த்தார். எங்காவது உரசி வெட்டுப்பட்டிருந்தால் ஆட்டும்போது எண் துள்ளும். துள்ளவில்லை. எண் சீராக ஏறியது, இறங்கியது. கெட்டுப்போன சென்சார் இப்படிக் காட்டாது. பூஜ்யத்திலிருந்து நூற்றிருபதுக்குத் தாவும், திரும்ப விழும். இதுவோ பொறுமையாக வண்டி ஓட்டத் தெரிந்தவன் ஓட்டுகிற மாதிரி இருந்தது.

பலகையில் மல்லாந்து காருக்கு அடியில் சறுக்கிப் போனார். டார்ச் வெளிச்சத்தில் கியர்பாக்ஸ், எண்ணெய்ப் பிசுக்கு, சென்சார். சென்சாரின் பிளக்கைச் சுற்றி ஒரு துண்டு சைக்கிள் டியூப்.

கை அப்படியே நின்றது.

எல்லா மெக்கானிக்கும் பிளக்கில் டேப்தான் சுற்றுவார்கள். டேப்பைக் கழற்றினால் மறுபடி ஒட்டாது. அடிக்கடி கழற்றி மாட்டவேண்டிய பிளக்குக்கு, இழுத்தால் வழுக்கி வரும்படி சைக்கிள் டியூபை வெட்டிப் போடுகிற ஆள் அவருக்குத் தெரிந்து ஒருவர்தான். அதுவும் ஒரே ஒரு வண்டிக்குத்தான் போட்டிருந்தார்.

நிறம் மாறியிருந்தது. நம்பர் மாறியிருந்தது. மூன்று கை மாறி வந்த வண்டி என்று டீச்சர் சொன்னது இப்போதுதான் காதில் ஏறியது. அன்றைக்கு இது வெள்ளை. தம்பி ஓட்டிய முதலாளி வண்டி.

தம்பியின் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பெண் குழந்தையோடு ஒரு மணி நேரத் தொலைவிலிருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். முதலாளி லீவு தரமாட்டார். தினமும் மீட்டரைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளும் ஆள். அதனால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தம்பி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவருவான். அண்ணன் அடியில் போய் சென்சார் பிளக்கைக் கழற்றிவிடுவார். அதன் பிறகு எவ்வளவு ஓடினாலும் மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது. யார் கண்ணிலும் படாமல் தூர நின்று குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததும் மறுபடி மாட்டிவிடுவார். இப்படி எத்தனையோ தடவை.

கடைசித் தடவை வண்டி மட்டும் கிடைத்தது. பட்டறையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, கால்வாய்க்கரையில், மூக்கு தண்ணீரில், டிரைவர் பக்கக் கதவு திறந்தபடி. முதலாளி வீட்டிலிருந்து கால்வாய் ஐந்து கிலோமீட்டர். மீட்டரில் கூடியிருந்ததும் ஐந்து. நேராகக் கால்வாய்க்கு வந்து விழுந்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாலு நாள் தண்ணீரிலேயே தேடினார்கள். அந்த ஐந்து கிலோமீட்டர் முதலாளி வீட்டிலிருந்து பட்டறைக்கு வந்த தூரம் என்பதும், அதற்குப் பிறகு தம்பி எங்கெங்கோ போய் வந்திருக்கிறான் என்பதும் அண்ணனுக்கு மட்டுந்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் பட்டறைக்குப் பூட்டு விழும் என்று பயந்தார். வாயை மூடிக்கொண்டார். மூன்று வருஷமாக அவருக்கு ஒரே ஒரு கேள்விதான்: அவன் எங்கே?

அடியில் படுத்தபடியே தலையைத் திருப்பினார். பக்கத்தில் தரையில் கிடந்த டேப்லெட்டில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது. இருபத்தாறு. பதினொன்று. பூஜ்யம்.

மணி ஐந்து பத்து. தம்பி அன்றைக்குப் பட்டறையை விட்டுக் கிளம்பியது நாலு மணிக்கு மேல். குழந்தை வீட்டுத் தெருவில் போய் நிற்கும் நேரம்.

"சீ, என்ன நினைப்பு இது" என்று தன்னையே திட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

பழைய சாமான் டிராயரைக் குடைந்து நல்ல சென்சார் ஒன்றைத் தேடி எடுத்தார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். முன்சக்கரத்தைக் கையால் சுற்றினார். டேப்லெட்டில் மூன்று, நான்கு என்று எண் வந்தது; சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் பூஜ்யம் வந்தது. மறுபடி சுற்றினார், நிறுத்தினார். கச்சிதம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம் பார்த்தார். பூஜ்யம் அசையவில்லை. அப்பாடா என்றிருந்தது. டீ போட்டுக் குடித்தார். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கொட்டிய மழையில் ரேடியோவில் யாரோ பேசியது ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் அணைக்கவில்லை.

ஐந்து ஐம்பதுக்கு எண் மாறியது. எட்டு. பதினைந்து. முப்பது.

டம்ளரை வைத்துவிட்டு அடியில் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். நாற்பத்தொன்று. சென்சாரையே கழற்றி வெளியே எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். கறுப்பாக, எண்ணெய் வழிய, செத்த பூச்சி மாதிரி கிடந்தது. வண்டியில் இப்போது சென்சார் என்று ஒன்றுமே இல்லை. ஐம்பத்து நான்கு என்றது திரை.

ஸ்கேனரைப் பிடுங்கி, மறுபடி செருகினார். சாவியை அணைத்துப் போட்டார். ஐம்பத்து மூன்று. டேஷ்போர்டிலும் முள் அதே இடத்தில், அதே நிதானத்தில். தம்பி ஐம்பத்தைந்தைத் தாண்ட மாட்டான். "உன் பின்னாடி வர்ற மாட்டுவண்டிகூட ஹார்ன் அடிக்கும்டா" என்று இவரே எத்தனை தடவை கேலி செய்திருப்பார்!

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போய்விடலாம் என்று தோன்றியது. கதவைப் பூட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டில், கடைத்தெருவில், ஜனங்கள் இருக்கிற எங்காவது போய் நிற்கலாம். ஆனால் போகவில்லை. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷம். மூன்று வருஷத்துக்கு அப்புறம் தம்பி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

எண்ணைப் பார்க்கப் பார்க்க வழி தெரிந்தது. ரயில்வே கேட். நாலு நிமிஷம் பூஜ்யம். பாலத்து ஏற்றம், முப்பத்தைந்து. மார்க்கெட் நெரிசல், பன்னிரண்டு, எட்டு, பன்னிரண்டு. இந்தப் பாதையில் அவரும் எத்தனையோ வண்டிகளை ஓட்டிப் பார்த்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கால்வாய்க்கரைச் சாலை வந்தது. ஐம்பது. ஐம்பத்து நான்கு.

"மெதுவாடா" என்றார் சத்தமாக. "மழை பெய்யுது. மெதுவா வாடா."

ஐம்பத்து நான்கு.

பூஜ்யம்.

நடுவில் எந்த எண்ணும் இல்லை. பிரேக் போட்டு நிற்கிற வண்டி ஐம்பது, முப்பது, பத்து என்று இறங்கி வரும். இது இறங்கவில்லை.

மணி ஆறு ஐம்பது. அவர் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவ்வளவுதானா? எல்லோரும் சொன்ன மாதிரி தண்ணீரோடுதான் போனானா? மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும். ரேடியோ எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஏழு நிமிஷம் பூஜ்யம்.

பிறகு, இரண்டு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். இரண்டு. பூஜ்யம். மூன்று. பூஜ்யம். இரண்டு. மூன்று.

எந்தக் காரும் இப்படிப் போகாது. கிளட்ச் போன வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால்கூட இப்படி வராது. இது சக்கரத்தின் வேகமே இல்லை. ஒரு காலை ஊன்றி, மறுகாலை இழுத்து, நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஊன்றுகிறவனின் வேகம்.

கால்வாயிலிருந்து பட்டறைக்கு ஒரு கிலோமீட்டர். நின்று நின்று வந்தால் சராசரி ஒன்றரை கிலோமீட்டர் வேகம், நாற்பது நிமிஷம். அவர் கணக்குப் போட விரும்பவில்லை. முப்பது வருஷத் தொழில், மனம் தானாகப் போட்டது. ஏழு முப்பத்தேழு.

அந்த நேரம் அவருக்குத் தெரியும்.

போலீஸிடம் அவர் சொல்லாமல் விட்டது பிளக் விஷயம் மட்டுமல்ல. அன்றைக்குத் தம்பி கிளம்பும்போது அண்ணன் தம்பிக்குள் சண்டை. "எத்தனை நாளைக்குடா இந்தத் திருட்டுத்தனம்? இதுதான் கடைசி. இனிமே என் வாசல்ல வந்து நிக்காத" என்று கத்தியிருந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஷட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. பிறகு தகரத்தில் உள்ளங்கை மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போகிற சத்தம். பிளக் மாட்ட வந்துவிட்டான் துரை, நிற்கட்டும், கொஞ்ச நேரம் நின்றால்தான் புத்தி வரும் என்று ரேடியோவைக் கூட்டி வைத்தார். சாப்பிட்டு, கை கழுவி, சாவகாசமாகப் போய்த் திறந்தபோது வாசலில் யாரும் இல்லை.

கால்வாயில் விழுந்தவன் கரையேறியிருக்கிறான். அடிபட்ட காலோடு நடந்து வந்திருக்கிறான். வழியில் இருந்த எந்த வீட்டையும் தட்டாமல், இவர் கதவைத்தான் தட்டியிருக்கிறான்.

"ஐயோ" என்றார். "ஐயோ, என் ராசா."

இரண்டு. பூஜ்யம். இரண்டு.

ஏழு இருபது. இரண்டு. ஏழு முப்பது. ஒன்று. வெளியே தெருவில் ஒரு நாய் குரைக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டது. ஏழு முப்பத்தைந்து. ஒன்று. பூஜ்யம். ஒன்று.

பூஜ்யம்.

அவர் மூச்சு விடாமல் ஷட்டரைப் பார்த்தார். தட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தார். கூரை சொட்டுவது நின்றிருந்தது. தெருவில் சத்தமே இல்லை. கீழே, ஷட்டருக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் தெருவிளக்கின் வெளிச்சம் ஈரமாகக் கிடந்தது. அதில் நிழல் எதுவும் இல்லை.

யாரும் தட்டவில்லை.

இந்தத் தடவை தட்டுகிற வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? எழுந்தார். டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு கையால் ஷட்டரைத் தூக்கினார். அது கிரீச்சிட்டுக்கொண்டு மேலே போனது. தெரு காலியாக இருந்தது. எதிர்க்கடைக்குப் பூட்டு. குழிகளில் மழைத்தண்ணீர். ஒரு ஆள், ஒரு வண்டி இல்லை.

"வாடா" என்றார். "திறந்துட்டேன்டா. உள்ள வா."

கொஞ்ச நேரம் நின்றார். குளிர்காற்று ஒன்று அவரைத் தாண்டி உள்ளே போனது. அதில் சேற்று வாடை. பாசி வாடை. நாள்பட்ட தண்ணீரின் வாடை.

டேப்லெட்டைப் பார்த்தார். பூஜ்யம்.

பெருமூச்சு விட்டு, திரும்பிக் காரை நோக்கி நடந்தார். நெஞ்சில் அணைத்திருந்த திரையின் வெளிச்சம் மாறியது கண்ணில் பட்டது. குனிந்து பார்த்தார். மூன்று.

நின்றார். பூஜ்யம்.

தலைமயிர் வேரோடு சிலிர்த்தது. ஒரு அடி எடுத்து வைத்தார். ஒன்று. நின்றார். பூஜ்யம். இரண்டு அடி. இரண்டு. நின்றார். பூஜ்யம்.

ஓடினார். எங்கே என்று தெரியாமல், காரைச் சுற்றி, டயர் அடுக்கைத் தாண்டி, பின்னறையை நோக்கி. ஆறு. ஒன்பது. பதினொன்று. அவர் செருப்புச் சத்தம் மட்டுந்தான் கேட்டது. காலை இழுக்கிற சத்தம் எதுவும் கேட்கவில்லை. சுவரில் மோதி நின்றார்.

பூஜ்யம்.

முகம் சுவரைப் பார்த்தபடி நின்றார். முதுகுக்குப் பின்னால் பட்டறை முழுக்கக் கிடந்தது. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பின்கழுத்தில் ஈரக்குளிர்.

நான் அசைந்தால்தான் அது அசைகிறது. அசையக் கூடாது. டீச்சர் காலையில் வருவார். அதுவரைக்கும் இப்படியே. ஒரு விரல்கூட.

அசையவில்லை. காலில் நடுக்கம் ஏறியது, அடக்கினார். எச்சில்கூட விழுங்கவில்லை. கண் மட்டும் கையிலிருந்த திரைமேல்.

பூஜ்யம்.

பூஜ்யம்.

ஒன்று.

அவர் அசையவே இல்லை.

ஒன்று. மணிக்கு ஒரு கிலோமீட்டர். நொடிக்கு ஒரு சாண். மனம் தானாகக் கணக்குப் போட்டது. ஒரு சாண். இன்னொரு சாண். இன்னொன்று.

பூஜ்யம்.

"தம்பி" என்றார், உதடு மட்டும் அசைய. "அன்னிக்கு நான் உள்ளதான்டா இருந்தேன்."

டேப்லெட்டின் கறுப்புக் கண்ணாடியில் அவருடைய மூச்சு படிந்து, பச்சை எண்ணை மங்கலாக்கி, மெல்ல விலகியது. இன்னொரு முறை படிந்தது, விலகியது. அவர் வாயை இறுக மூடி, மூச்சை அடக்கிக்கொண்டார்.

கண்ணாடி தெளிந்தது. பூஜ்யம் பளிச்சென்று தெரிந்தது.

பிறகு அதன்மேல் மறுபடியும் மூச்சு படிந்தது.